அடைக்கலம் காத்த மலையூர்

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். செல்வமும் படையும் இல்லாத எளியவள் அவள். அடைக்கலம் என்னும் சொல்லை மாணவர்க்கு விளக்கும்போது, நம் காலத்துக்கு அணித்தான வரலாறொன்றையும் நாம் எடுத்துரைப்பதுண்டு.

1940 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பிரான்சு யேர்மனியிடம் தோற்றது. அதன்பின் அமைந்த விஷி அரசு யூதரை ஒடுக்கும் சட்டங்களை இயற்றியது; 1942 கோடையில் அவர்களைப் பிடித்து யேர்மனியரிடம் கையளிக்கவும் துணிந்தது. அந்நாளில் தென் பிரான்சின் மலைப்பாங்கிலே, லெ சாம்போன் என்னும் சிற்றூரும் அயற் கிராமங்களும் அகதிகளுக்குக் கதவு திறந்தன. அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலார் புரட்டஸ்தாந்து சமயத்தவரான உழவர். 1685 இன் பின் சமயத்தின் பொருட்டு வேட்டையாடப்பட்ட தம் முன்னோரின் துயரை அவர்கள் மறந்தாரல்லர்.

ஊர்ப் போதகர் ஆந்திரே துரொக்மேயிடம் யூதரின் பெயர்ப்பட்டியலை அதிகாரிகள் கேட்டனர். அவர் கொடுக்க மறுத்தார். அவர் மனைவி மக்தா வந்தோர்க்கு உணவும் உறைவிடமும் தேடினார். சிலர் பொய்ப்பெயரில் அடையாள அட்டைகளும் பங்கீட்டு அட்டைகளும் ஆக்கினர். பொலீசார் வருகின்றனர் என்ற செய்தி எட்டியதும், அகதிகள் காடுகளிலும் தொலைவிலிருந்த பண்ணைகளிலும் மறைக்கப்பட்டனர். பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு பாடசாலை சென்றனர். அறிந்தவர் பலர், காட்டிக்கொடாமை ஊரின் ஒழுக்கமாயிற்று. இவ்வாறு அடைக்கலம் பெற்றோர் ஆயிரக்கணக்கினர்.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. போதகரின் உறவினரான தானியேல் துரொக்மே என்னும் ஆசிரியர் மாணவர் விடுதியொன்றின் பொறுப்பாளராயிருந்தார். 1943 யூன் 29 ஆம் நாள் யேர்மன் பொலீசார் விடுதியை முற்றுகையிட்டனர். தப்பியோட வழியிருந்தும் அவர் தம் மாணவரைக் கைவிடவில்லை. அவர்களோடு சிறைப்பட்டு, 1944 இல் மைதானெக் முகாமில் உயிர்நீத்தார். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இவ்விடத்தைச் சொல்லும்போது வகுப்பறை தானே அமைதியடையும்.

எருசலேமிலுள்ள யாத் வாசெம் நிறுவனம் 1990 இல் லெ சாம்போனையும் அயலூர்களையும் ஒருங்கே கௌரவித்தது. ஒருவர் புகழாக அன்றி ஓர் ஊரின் புகழாக அது அமைந்தமை பொருத்தமேயாம். ஒருவர் கதவைத் திறந்தார். ஒருவர் அட்டை எழுதினார். ஒருவர் பாலும் உருளைக்கிழங்கும் பகிர்ந்தார். மற்றையோர் வாய் திறவாதிருந்தனர். இவற்றுள் எது எளியோரால் இயலாதது? நம் கல்லூரியில் நாம் பெற்ற கல்வியும், நாடி வந்தவரின் குலமும் சமயமும் வினவுமுன் அவர்க்குக் கதவைத் திறக்கும் துணிவை நமக்குத் தந்துளதாயின், அதுவே பயனுள்ள கல்வியாகும்.