ஐபேட் திரையில் பிளேஸ்டேஷன் 4

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே டிவி. மாலையானால் அது சீரியலுக்குப் போய்விடும். பிளேஸ்டேஷன் 4 கேம் சாதனத்தை ஐபேடுடன் இணைக்கலாமே என எண்ணி, கடையில் கேட்டு ஒரு எச்.டி.எம்.ஐ. - டைப் சி கேபிள் வாங்கி வந்தேன். செருகினேன். திரையில் எதுவுமே வரவில்லை.

காரணம் இதுதான். ஐபேடின் டைப் சி போர்ட் படத்தை வெளியே டிவிக்கு அனுப்பும், எச்.டி.எம்.ஐ. படத்தை நேரடியாக உள்ளே வாங்காது. இடையில் கேப்சர் கார்டு என்னும் சிறிய சாதனம் வேண்டும். இது கேம் படத்தை வெப் கேமரா படம் போல மாற்றித் தரும். 2023ல் வந்த ஐபேட் ஓ.எஸ். 17 முதல், டைப் சி போர்ட் உள்ள ஐபேடுகள் இதனை ஏற்றுக் கொள்கின்றன.

இனி இணைக்கும் வழி:

1. முதலில் டிவியில் இணைத்தே பிளேஸ்டேஷனை இயக்கவும். செட்டிங்ஸ், சிஸ்டம் சென்று "எனேபிள் எச்.டி.சி.பி." என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இது காப்பி தடுப்புப் பூட்டு. எடுக்காவிட்டால் கறுப்புத் திரைதான் கிடைக்கும். (சினிமா பார்க்கும் அப்ளிகேஷன்களுக்கு மீண்டும் டிக் செய்திட வேண்டும்.)

2. பிளேஸ்டேஷனின் எச்.டி.எம்.ஐ. கேபிளை கார்டிலும், கார்டின் யு.எஸ்.பி. முனையை ஐபேடிலும் செருகவும்.

3. 2023ல் வெளியான ஓரியான் போன்ற அப்ளிகேஷனைத் திறந்து, கேமரா, மைக் அனுமதி கேட்டால் தரவும். படம் வந்துவிடும்.

கார்டு வாங்கும்போது யு.வி.சி. வகையா எனப் பார்க்கவும். மலிவான யு.எஸ்.பி. 2.0 கார்டுகளில் படம் சற்றுத் தாமதித்து வரலாம். கார் ரேஸில் அந்த நொடியில் வண்டி சுவரில் மோதிவிடும். யு.எஸ்.பி. 3.0 கார்டு நல்லது.

நான் வாங்கிய கேபிள் வீணாகவில்லை. ஐபேட் படத்தை டிவியில் பார்க்க அது உதவுகிறது, சீரியல் முடிந்த பிறகு!