வாளை வாங்குமுன் பிடியைப் பாருங்கள்

அலங்கார வாள் வாங்குபவர்கள் உறையிலிருந்து அலகை உருவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பளபளப்பில் மயங்கி விலையைக் கொடுத்துவிடுவார்கள். ஜப்பானியக் கட்டானாவின் மாதிரி வாள்களைச் சேர்க்கும் ஆசை எனக்கு உண்டு. நான் முதலில் பார்ப்பது கைப்பிடியை. வேலை தெரிந்தவர் செய்ததா, அவசரத்தில் ஒப்பேற்றியதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

மரத்தை இரு பாதியாகக் குடைந்து, அலகின் வால் உள்ளே கச்சிதமாக உட்காரும்படி ஒட்டுகிறார்கள். அதன்மேல் திருக்கை மீனின் தோல், அதற்கும் மேலே பருத்தி அல்லது பட்டு நாடா. நாடா குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வரும்போது இடையிடையே டைமண்ட் கட்டங்களில் தோல் எட்டிப் பார்க்கும். நல்ல கைவேலையில் இந்தக் கட்டங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கும். ஒரு பின்னலில் இடப்பக்க நாடா மேலே வந்தால் அடுத்ததில் வலப்பக்க நாடா மேலே வரும். கட்டம் குலையாமலிருக்க, நாடாவுக்கு அடியில் முக்கோணமாக மடித்த சின்னக் காகிதத் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். வெளியே தெரியாத இந்த வேலையை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். கட்டைவிரலால் நாடாவை அழுத்தித் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. தோலின் மணிகளையும் கவனியுங்கள். அசல் தோலில் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். பிளாஸ்டிக்கில் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும்.

பிடியின் பக்கவாட்டில் ஒரு சிறிய மூங்கில் ஆணி தெரியும். அலகையும் பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். மூங்கில் நார்நாராக இருப்பதால், விரிசல் விட்டாலும் சட்டென்று முறிந்துவிடாது. வாளைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

இனி அலகு. கூர் ஓரத்தையொட்டி அலை அலையாக ஓடும் வெண்ணிற வரியை ஜப்பானில் ஹமோன் என்கிறார்கள். அசல் வாளில் முதுகுப் பக்கம் தடிமனாகவும் கூர்ப் பக்கம் மெல்லிசாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். மெல்லிய பூச்சுள்ள ஓரம் வேகமாகக் குளிர்ந்து இறுகும்போது அந்த வரி உருவாகிறது. மாதிரி வாள்கள் பலவற்றில் அது அமிலத்தாலோ பிரஷ்ஷாலோ போட்ட அலங்காரம். விளக்கடியில் மெல்லச் சாய்த்தால், அசல் வரிக்குள் நுண்மணிகள் மின்னி மறையும். போலி வரி எந்தக் கோணத்திலும் ஒரே வெளுப்பாக இருக்கும். அலங்கார வரி குறையல்ல. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். ஜப்பானில் பதிவு செய்யாத எஃகு வாளை வைத்திருக்க முடியாது. ஆகவே கிஃபு மாகாணத்து செக்கி நகரில் செய்யப்படும் பயிற்சி வாள்களின் அலகு துத்தநாக, அலுமினியக் கலவையால் ஆனது. அதில் காந்தம் ஒட்டாது, கூரும் ஏற்ற முடியாது. வீசிப் பழகலாம், எதன்மீதும் மோதக் கூடாது. சுவரில் மாட்டுவதற்கென்றே வரும் மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாள்களில் வால் பெரும்பாலும் ஒல்லிக் கம்பியாக இருக்கும். அவற்றை வீசவே கூடாது. அலகு பிடியிலிருந்து கழன்று பறக்கும்.

கூர் இல்லாத வாளையும் கூருள்ளதாக நினைத்தே கையாளுங்கள். உறையை இடது கையில், கூர் மேல்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். உறையின் வாயைச் சுற்றி விரல்கள் கூர்ப் பக்கம் போகக் கூடாது. கட்டைவிரலால் கைக்காப்பைச் சற்றே தள்ளினால் வாள் இளகும். பிறகு முதுகு உறையோடு உரசும்படி நிதானமாக உருவ வேண்டும். அடுத்தவரிடம் கொடுப்பதானால் உறையிலிட்டே கொடுங்கள்.

அலகை விரலால் தொடாதீர்கள். கார்பன் எஃகாக இருந்தால் வியர்வை பட்ட இடம் சீக்கிரமே துருப்பிடிக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயைப் படலமாகத் தடவினால் போதும். இதற்கென்று கிராம்பு மணமுள்ள எண்ணெயை ஜப்பானில் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும்.

வீட்டில் சிறுவர்கள் இருந்தால் முதலில் பூட்டுள்ள அலமாரி வாங்குங்கள். வாள் அதற்குப் பிறகு.