கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் நின்றுவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். முதுகுப்பையோடு கோலாலம்பூரில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஈப்போ, பினாங்கு, கேமரன் மலை, மலாக்கா என்று சுற்றிவர இது நல்ல காலம். சாலையில் நம்மூரைப் போலவே இடப்பக்கம் ஓட்டலாம். பெரும்பாலான பலகைகள் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் கிள்ளான் நகரிலும் தமிழ் பேசியே காரியம் முடித்துவிடலாம். இவ்வளவு வசதியிலும் பலர் யோசிக்காமல் விடுவது ஒன்றுதான்: கார் நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது?

கார் நின்றதும் மனம் காரையே சுற்றும். யார் சரிசெய்வார்கள், எவ்வளவு ஆகும் என்ற கவலைதான் முன்னால் வரும். பயணிக்கு அதைவிட முக்கியம், கையில் மிச்சமிருக்கும் நாள்கள். எட்டு நாள் பயணத்தில் இரண்டு நாள் பட்டறை வாசலில் போனால், அந்த நாள்களை யாரும் திருப்பித் தர முடியாது. அதனால் யாரைக் கூப்பிடுவது, காரை என்ன செய்வது, பயணத்தை எப்படித் தொடர்வது என்ற மூன்றையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். கார் சரியான பிறகுதான் மற்றது என்று மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டால்தான் பயணம் கெடுகிறது.

முதல் பத்து நிமிடம்

நெடுஞ்சாலை என்றால் இடப்பக்க அவசரத் தடத்தில் ஒதுக்கி, அபாய விளக்கைப் போடுங்கள். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் புறம் போய் நில்லுங்கள். வெயிலோ மழையோ, காருக்குள் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். அவசரத் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வேகமாக வரும், லாரிகளும் ஒதுங்கும்.

பிறகு சாலையோரத்துக் கிலோமீட்டர் பலகையைப் பாருங்கள். அதில் உள்ள எண்ணைப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்க்கொண்டிருந்தது 'ஊத்தாரா' எனப்படும் வடக்குத் திசையா, 'செலாத்தான்' எனப்படும் தெற்குத் திசையா என்பதும் தெரிய வேண்டும். இரு திசைக்கும் நடுவே தடுப்பு இருப்பதால், திசையைத் தவறாகச் சொன்னால் உதவி வண்டி எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். அடுத்த வெளிவழி வரை போய்த்தான் திரும்ப முடியும்.

யாரைக் கூப்பிடுவது: நான்கு வழிகள்

*நெடுஞ்சாலை ரோந்து.* வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் வடபுறம் செல்லும் என்கேவிஇ, விமான நிலையப் பக்கம் போகும் எலைட் ஆகியவை பிளஸ் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பிளஸ்லைன் எண் 1800 88 0000. ரோந்து வண்டி வந்து, காரை அருகிலுள்ள டோல் சாவடி போன்ற பாதுகாப்பான இடத்துக்குக் கட்டணமின்றி இழுத்துவிடும். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. பட்டறை வரை கொண்டுபோக மாட்டார்கள். மற்ற டோல் சாலைகளுக்கும் அவற்றை நடத்தும் நிறுவனங்களின் ரோந்து உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 999.

*வாடகை நிறுவனம் அல்லது காப்புறுதி உதவி எண்.* பட்டறை வரை இழுத்துச் செல்வது இவர்கள் பொறுப்பு. பல காப்புறுதித் திட்டங்களில் 24 மணி நேரச் சாலை உதவி சேர்ந்தே வருகிறது. எவ்வளவு தூரம் இலவசம் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், அதைப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். டோல் இல்லாத நகரச் சாலைகளில் முதல் அழைப்பே இவர்களுக்குத்தான். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்கள் 2018 ஜனவரி 1 அன்று எடுக்கப்பட்டன. அங்கே நின்றாலும் இதே வழிதான்.

*நடமாடும் பேட்டரி சேவை.* கோலாலம்பூரும் கிள்ளானும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பேட்டரியை மோட்டார் சைக்கிளிலோ வேனிலோ கொண்டுவந்து, நின்ற இடத்திலேயே மாற்றித் தருபவர்கள் நிறையப் பேர். கோளாறு பேட்டரிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் கார் விடுதி வாசலிலோ பெட்ரோல் நிலையத்திலோ கடைத்தெருவிலோ நின்றிருக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துக்கு இவர்களை வரவழைக்காதீர்கள்.

*கூப்பிடாமலே வரும் இழுவை லாரி.* வேண்டவே வேண்டாம். அன்பாகத்தான் பேசுவார்கள், காரைக் கொக்கியில் மாட்டிய பிறகு இழுவைக் கட்டணம், நிறுத்தி வைத்ததற்குக் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். "இன்சூரன்ஸ் வண்டி வருது, வேணாம் பாஸ்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சாவியைக் கையில் கொடுக்காதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கில் எது? டோல் சாலை என்றால் முதலில் ரோந்து, பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு வாடகை நிறுவனம். மற்ற சாலைகளில் நேராக வாடகை நிறுவனம். இடித்துக்கொண்டு நின்றிருந்தால் அது பழுதில்லை, விபத்து. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கட்டாயம்.

காத்திருக்கலாமா என்பதைக் கோளாறே சொல்லும்

பட்டறைக்காரர் 'பாக்கலாம்' என்பார். அந்தப் 'பாக்கலாம்' அரை மணி நேரமா இரண்டு நாளா என்று ஓரளவு நாமே கணிக்க முடியும்.

சாவியைத் திருப்பும்போது டிக் டிக் என்று சத்தம் மட்டும் கேட்டு விளக்குகள் மங்கினால் பெரும்பாலும் பேட்டரி. இந்த வெக்கையில் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும். வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து இயந்திரத்தைக் கிளப்பியதும், புது பேட்டரிக்குப் பணம் எடுப்பதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இயந்திரம் ஓடும்போது முள் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஓடிக்கொண்டிருந்தும் 12 சொச்சத்திலேயே நின்றால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழுது. அப்போது புது பேட்டரி போட்டாலும் ஈப்போ போவதற்குள் மறுபடி நிற்கும். பேட்டரி மட்டும் என்றால் ஒரு டீ குடிக்கும் நேரம். ஆல்டர்னேட்டர் என்றால் அரை நாள்.

சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தால் ஏசியை நிறுத்தி, உடனே ஓரங்கட்டி, இயந்திரத்தை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். குழாயோ விசிறியோ போயிருந்தால் அரை நாளில் முடியும். விளக்கைப் பார்த்தும் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டியிருந்தால், இயந்திரத்தின் தலைப்பாகத்தையே கழற்ற நேரிடும். அது நாள்கணக்கில் போகும் வேலை.

இயந்திரம் உறுமியும் கார் நகராமல் நின்றால் பெரும்பாலும் கியர் பெட்டிக் கோளாறு. அதற்காகக் காத்திருக்காதீர்கள். கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் இயந்திரம் முறிந்துவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வரிசை வரிசையாகக் கார்கள் மூழ்கின. மாலை மழையில் சற்று நேரத்திலேயே தாழ்வான சாலைகளில் தண்ணீர் ஏறிவிடும் பகுதி இது.

இன்னும் இரண்டைக் கணக்கில் சேருங்கள். பெரோடுவா மைவி, ஆக்சியா, புரோட்டோன் சாகா போன்ற உள்ளூர்க் கார்களுக்கு உதிரிபாகம் எந்தப் பட்டறைக்கும் எளிதில் கிடைக்கும்; அரிதான இறக்குமதி மாடலுக்குக் காத்திருக்க வேண்டும். கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களிலும் பல பட்டறைகள் பூட்டியிருக்கும். அப்போது அரை நாள் வேலை நான்கு நாளாகும்.

கார் யாருடையது?

*வாடகைக் கார்.* பழுதுபார்ப்பது உங்கள் வேலையே கிடையாது. நிறுவனம் வாட்ஸப்பில் எழுத்தாகச் சொல்லாமல் எந்தப் 'பொமன்' கையும் பானட்டுக்குள் போக விடாதீர்கள். மெக்கானிக்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். டாஷ்போர்டு விளக்குகள், ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, காரின் நான்கு பக்கம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்புங்கள். பிறகு ஒரே கேள்வி: மாற்றுக் கார் எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு வரும்? மணியைச் சொல்லாமல் 'ஏற்பாடு பண்றோம்' என்றால், மிச்ச நாள் வாடகையையும் முன்பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

இந்தப் பேச்சு எப்படி முடியும் என்பது கார் எடுத்த அன்றே தீர்மானமாகிவிடுகிறது. உரிமம் பெற்ற வாடகை நிறுவனத்தில் நாளுக்குச் சில ரிங்கிட் கூடுதலாக இருக்கலாம். அவர்களிடம் மாற்றுக் கார் நிற்கும். தனியார் ஒருவர் தன் சொந்தக் காரைக் கைமாற்றாகக் குறைந்த விலைக்குத் தந்தால், அவரிடம் இருப்பது அந்த ஒரே கார். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட காருக்குக் கைகொடுக்காமலும் போகலாம். நகருக்குள் ஒரு நாள் சுற்றக்கூட அதை எடுக்க வேண்டாம் என்பேன். நெடும்பயணத்துக்கு நிச்சயமாக வேண்டாம்.

*உறவினர் கார்.* சாலை உதவி அந்தக் காரின் பதிவெண்ணோடும் உரிமையாளரின் காப்புறுதியோடும் சேர்ந்தது. அதனால் கார் கொடுத்த உறவினரையே கூப்பிடச் சொல்லுங்கள். எந்தப் பட்டறை என்பதும் அவர் விருப்பம். செலவை நாம் ஏற்பதுதான் முறை. ஆனால் பயணத்தை நிறுத்திவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அவருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். காரை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

*சிங்கப்பூரிலிருந்து ஓட்டிவந்த சொந்தக் கார்.* இவர்கள் மட்டும்தான் காரை விட்டுவிட்டுப் போக முடியாதவர்கள். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை 300 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் இழுத்துச் செல்வதைக் காப்புறுதி ஏற்குமா என்று புறப்படும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏற்காது என்றால், இங்கேயே சரிசெய்துகொண்டு, முடியும்வரை கிள்ளான் பள்ளத்தாக்கை ரயிலில் சுற்றிப் பார்ப்பதுதான் சிக்கனம்.

காத்திருக்க நேர்ந்தால்: பிரிக்பீல்ட்ஸா, கிள்ளானா?

பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பகுதி. நாட்டின் முக்கிய ரயில் பாதைகளும் விமான நிலைய ரயிலும் கூடும் நிலையம் அது. சிக்கன விடுதிகளும் வாழையிலைச் சாப்பாடும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாகத் திறக்கப்பட்ட ஜாலான் துன் சம்பந்தன் தெருவில் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். பழுதான காரை வைத்துக்கொண்டு அல்லாடத்தான் அது ஏற்ற இடமில்லை: நெரிசல், ஒருவழிப் பாதை, நிறுத்த இடம் கிடைக்காது.

கிள்ளான், துறைமுகத்தை ஒட்டிய தொழில் நகரம். லாரிகளும் பட்டறைகளும் நிறைந்த ஊர். தமிழ் பேசும் பொமனைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். எந்தப் பாகம் போயிற்று, ஏன் போயிற்று என்று நம் மொழியில் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். ரயில் நிலையத்திலிருந்து ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். ஆனால் வெளியூர் போகும் இணைப்புக்குப் பெரும்பாலும் கேஎல் சென்ட்ரலுக்குத்தான் வந்தாக வேண்டும்.

என் பரிந்துரை: கார் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் நின்றால் காரைக் கிள்ளானில் விட்டுவிட்டு நீங்கள் பிரிக்பீல்ட்ஸில் தங்குங்கள். இரண்டுக்கும் நடுவே போர்ட் கிள்ளான் பாதைக் கொமுட்டர் ரயில் ஓடுகிறது; பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காத்திருக்கும் நாளும் வீண் போகாது. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் பத்துமலைக் குகை வாசலிலேயே இறங்கலாம். 272 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

காரை ஒப்படைக்கும்போது டச் அண்ட் கோ அட்டை உங்களுடையது என்றால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டோல் கட்டிய அதே அட்டை கொமுட்டர், எல்ஆர்டி ரயில்களிலும் செல்லும்.

கார் இல்லாமல் தொடர

*ஈப்போ, பினாங்கு:* இடிஎஸ் மின்ரயில். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈப்போ இரண்டரை மணி நேரத்துக்குள். பட்டர்வொர்த்துக்குச் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் படகு. காரில் போவதைவிட இது களைப்பில்லாத வழி. பண்டிகை வாரங்களில் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். கார் நின்ற அன்றே, இழுவை வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே பதிவு செய்யுங்கள்.

*மலாக்கா, கேமரன் மலை:* இரண்டு ஊருக்குள்ளும் ரயில் கிடையாது. பண்டார் தாசிக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் முனையத்திலிருந்து பஸ் ஏறுங்கள். மலாக்காவுக்குப் பஸ்ஸே போதும், பழைய நகரம் நடந்து பார்க்க வேண்டிய இடம். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் சிதறிக் கிடப்பதால் கார் இல்லாமல் சிரமம். மாற்றுக் காருக்கு ஒரு நாள் காத்திருப்பது பொருந்தும் என்றால் அது இந்த ஊருக்குத்தான்.

*கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்:* ரயிலும், ரயில் எட்டாத இடத்துக்குக் கிராப் செயலியில் அழைக்கும் வண்டியும் போதும். நாலு பேர் கட்டணத்தைப் பகிர்ந்தால், நிறுத்துமிடம் தேடி அலையும் வாடகைக் காரைவிட இது மலிவாகவும் முடியலாம்.

எப்போது எது

கோளாறு அன்றைக்கே தீரும் என்றால் காத்திருங்கள். மாற்றுக் கார் மறுநாள் காலைக்குள் வரும் என்று எழுத்தாக வந்தால், இரவு பிரிக்பீல்ட்ஸில் தங்கி அதை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லை என்றால், மறுநாள் முதல் ரயிலுக்கு இருக்கை எடுத்துவிட்டு வாடகைப் பணத்தைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்ப இரண்டு நாளே மிச்சம் என்றால் வெளியூரை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுங்கள். கோலாலம்பூரும் கிள்ளானும் அந்த இரண்டு நாளுக்குத் தாராளமாகப் போதும்.

இந்த முடிவை சாலையோரத்தில் நின்று எடுப்பது கடினம். அதனால் காரின் சாவியை வாங்கும் நாளிலேயே வாடகை நிறுவனத்தின் 24 மணி நேர எண், காப்புறுதி உதவி எண், பிளஸ்லைன் மூன்றையும் உங்கள் குழுவில் எல்லார் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்பதையும் அன்றே நண்பர்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டுவிடுங்கள்.