உறைந்த திரை கற்பித்த பாடம்

எங்கள் எட்டாம் வகுப்பு வாசிப்பு மூலையின் இ-ரீடர் ஒருநாள் உறைந்துவிட்டது. திரையில் கதையின் ஒரு பக்கம் தெரிந்தது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. "எழுத்து தெரியுதே சார், அப்போ சார்ஜ் இருக்கு" என்றான் ஒரு மாணவன். நானும் நம்பினேன். மென்பொருள் கோளாறு என்று முடிவுகட்டி, அதை மீண்டும் நிறுவ இரண்டு மாலைகள் முயன்றேன். கணினியோ கருவியை அடையாளம் காணவே இல்லை.

பிறகே யோசித்தேன். மின்மைத் திரையில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்புலத்தால் இடம்பெயர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் தேவை. அது நின்றாலும் எழுத்து நிற்கும்!

மறுநாள் மாணவர்கள் பார்க்க, பின்மூடியைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தேன். முழு மின்னேற்றத்தில் சுமார் 4.2 வோல்ட் காட்டவேண்டிய லித்தியம் மின்கலம் 2.1 வோல்ட்தான் காட்டியது. அவ்வளவு இறங்கிய மின்கலத்தை மீண்டும் மின்னேற்றுவது ஆபத்து. அதே வகைப் புதிய மின்கலத்தைப் பொருத்தியதும் கருவி விழித்தது.

மாணவன் ஊகித்தது தவறல்ல. சோதிக்காமல் நான் ஏற்றதே தவறு. இப்போது ஊகம் எதுவானாலும் கரும்பலகையில் எழுதி, "இதை எப்படிச் சோதிக்கலாம்?" என்று கேட்கிறேன். உங்கள் வகுப்பிலும் பழுதான கருவி இருந்தால் இப்படித் தொடங்கலாம். மின்கலத்தை மட்டும் ஆசிரியரே கையாள வேண்டும். உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம்.