முத்துப் பல் தேயலாமா?



"ஏலே, ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிச்சுட்டே கிடந்த. வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை போடு!"

விடுதியிலும் வீட்டிலும் இதைக் கேட்காதவர் உண்டா? இப்படிக் கேலிக்கு ஆளானவன் மறுநாள் பாயைத் தள்ளிப் போட்டுப் படுக்கிறான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பூச்சிதான் காரணமா? பார்ப்போம்.

பல் கடிப்பது இரண்டு வகை

மருத்துவர்கள் இதை 'ப்ரக்சிசம்' என்பார்கள். தூக்கத்தில் பல்லை அரைப்பது ஒரு வகை. விழித்திருக்கும்போதே நம்மை அறியாமல் பல்லை இறுக்கிப் பிடித்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் பெரும்பாலும் சத்தமே வராது.

ஒரு சின்ன சோதனை. இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சும்மா இருக்கும்போது தொடக்கூடாது! உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் சேர்ந்தால் போதும்.

பூச்சிதான் காரணமா?

பூச்சி மாத்திரை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. அன்று பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். குடற்புழுவால் ரத்தசோகை வரும். ஆனால் பல் கடிப்புக்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மனக்கவலை, பரீட்சை பயம், சரியில்லாத தூக்கம், குறட்டையும் மூச்சடைப்பும், காபி, டீ, புகையிலை, சில மருந்துகள் ஆகியவை இதோடு தொடர்புள்ளவை. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும்.

முத்தும் பல்லும்

நம் ஊர் முத்து நகரம். 1973-இல் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கியதும் நம் தூத்துக்குடியில்தான். அழகான பல்லை 'முத்துப் பல்' என்கிறோம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சிப்பி உயிரோடு இருக்கும்வரை முத்தின்மேல் அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே இருக்கும். பல்லின் மேல்பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனாலும் அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடும். தேய்ந்தது தேய்ந்ததுதான், திரும்ப வளராது!

எனாமல் தேய்ந்தால் பல் கூசும், விரிசல் விடும். தாடைத் தசைக்கும் ஓய்வு இல்லை. காலையில் கன்னப்பொறி வலிக்கும், தலை வலிக்கும். கடலில் முக்குளிப்பவர்கள் காற்றுக்குழாயின் வாய்ப்பகுதியை வெகுநேரம் பல்லால் கவ்விப் பிடித்திருந்தால் அவர்களுக்கும் தாடை வலி வருவதுண்டு. கடல் வேலைக்குப் போகிறவருக்குப் பிழைப்புக்காக வரும் வலியை நாம் தூக்கத்தில் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

என்ன செய்யலாம்?

1. பகலில் அடிக்கடி கவனியுங்கள். "உதடு மூடு, பல்லை விடு" என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தால் ஞாபகம் வரும்.
2. பேனா, பென்சில், நகம், ஐஸ் கட்டி கடிக்காதீர்கள்.
3. சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.
4. படுக்கும் முன் புத்தகத்தையும் செல்போனையும் மூடிவைத்து, மெதுவாக மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்துங்கள். பயம் இருந்தால் வீட்டிலோ ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.
5. தாடை வலித்தால் வெந்நீரில் பிழிந்த துணியால், பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுங்கள்.
6. வலி, கூச்சம் இருந்தாலோ, பல் தேய்வது தெரிந்தாலோ பல் டாக்டரிடம் காட்டுங்கள். அளவெடுத்து இரவில் மாட்டும் பல் உறை செய்து தருவார். அது பல்லைத் தேயாமல் காக்கும், கடிக்கும் பழக்கத்தை அதுவே நிறுத்திவிடாது. அதனால் மற்றதையும் விடக்கூடாது.
7. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தம்பி தங்கைகள் பால்பல் வயதில் கடித்தால் ரொம்பப் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும்.

ஒரு வேண்டுகோள்

தூக்கத்தில் பல் கடிப்பவனுக்கு அந்தச் சத்தம் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் நமக்குத்தான் தெரியும். நாம் கேலி பண்ணினால் அவன் மறைப்பான், பல்லும் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே காலையில் தனியாகக் கூப்பிட்டு, "மக்கா, நீ ராத்திரி பல்லைக் கடிக்க, வீட்டுல சொல்லி டாக்டர்ட்ட காட்டு" என்று சொல்லுங்கள். ஒரு நண்பனின் பல்லைக் காப்பாற்ற இந்த ஒரு வார்த்தை போதும்!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர்