மலைப்பாதையில் கூட்டாகச் சைக்கிள்: வண்டி வாங்குவது முதல் வீடு திரும்புவது வரை

தேயிலைத் தோட்டத்து ஜீப் பாதையிலோ காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையிலோ குழுவாகச் சைக்கிள் ஓட்டும்போது, ஒருவர் வண்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். பஞ்சர் கடைக்கு மலை இறங்கித்தான் போக வேண்டும். அதனால் "எனக்கு இது போதுமா?" என்று மட்டும் யோசிக்காமல், "என்னால் மற்றவர்கள் காத்துக்கிடக்க நேருமா?" என்றும் கேட்டுக்கொண்டு தயாராகுங்கள்.

எந்த வண்டி?

கடைக்குப் போகும் முன் பயணத்தை நடத்துபவரிடம் மூன்று விவரம் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம், பாதை மண்ணா பாறையா? நீலகிரியிலும் ஏற்காட்டிலும் தோட்டங்களுக்குள் போகும் பெரும்பாலான பாதைகளுக்கு முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள மலை சைக்கிளே போதும். இதைத்தான் ஹார்ட்டெயில் என்கிறார்கள். பாறை பாறையாகக் குதித்து இறங்கும் பாதைக்குத்தான் பின்பக்க ஷாக்கும் தேவைப்படும். விலை குறைந்த வண்டியில் பின்னால் ஒரு ஸ்பிரிங் தெரிகிறதே என்று ஆசைப்பட்டு வாங்காதீர்கள். மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும், எடையும் கூடும், இணைப்புகளும் சீக்கிரம் ஆட்டம் காணும்.

விலையை விட முக்கியம் அளவு. பெடலில் ஏறாமல் வண்டியின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நில்லுங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கையிருப்பில் உள்ள அளவையே உங்களுக்குப் பொருத்திவிடப் பார்க்கும் கடைக்காரர்கள் உண்டு. சீட்டை ஏற்றி இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சக்கரத்தில் 29 அங்குலம் கல்லையும் வேரையும் எளிதாகத் தாண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு 27.5 கைக்கு அடங்கி வரும். டயர் அகலம் 2.1 முதல் 2.4 அங்குலம் வரை இருக்கட்டும். பிரேக் கட்டாயம் டிஸ்க்தான். கேபிள் வகையை எந்த ஊரிலும் சரிசெய்யலாம். ஹைட்ராலிக் வகையில் நீண்ட இறக்கத்திலும் விரல் வலிக்காது. கியரில் மேலே உள்ள எண்ணைப் பார்க்காமல், கீழே எவ்வளவு லேசாகப் போகிறது என்று பாருங்கள். முன்னால் 32 பல், பின்னால் 46 பல் என்றால் ஏற்றத்துக்கு நல்லது. முன்னால் 22, பின்னால் 34 உள்ள பழைய வகையும் தாராளமாகப் போதும்.

வாடகை வண்டியிலும் தவறில்லை. ஆனால் பயணத்துக்கு முன்பே ஒரு நாள் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஒரு வாரம் முன்பு

சர்வீஸை முதல் நாள் இரவுக்குத் தள்ளாதீர்கள். புதிய பிரேக் பேட் பிடிமானம் பெறக் கொஞ்சம் ஓட வேண்டும்; புதிய கேபிள் சில நாளில் தளர்ந்து கியர் ஒழுங்கைக் கெடுத்துவிடும். கடையில் சக்கரக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள், தளர்ந்த போக்ஸ் கம்பிகளை முறுக்கச் சொல்லுங்கள், செயின் தேய்மானத்தை அளக்கச் சொல்லுங்கள்.

வாங்க மறப்பவர்கள் அதிகம் உள்ள ஒரு பொருளைச் சொல்கிறேன். பின் கியரை ஃபிரேமோடு இணைக்கும் சிறிய அலுமினியத் துண்டு, அதாவது ஹேங்கர். வண்டி சரிந்து விழுந்தால் முதலில் வளைவதோ உடைவதோ அதுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதன் வடிவம் வேறு என்பதால் நண்பரிடம் இருப்பது பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வண்டிக்குரியது ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டியூபும் அப்படித்தான். சக்கர அளவும் வால்வு வகையும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தார்ச்சாலைக்குப் பிடிப்பதுபோல் 50, 60 பிஎஸ்ஐ வைத்தால், ஒவ்வொரு கல்லிலும் வண்டி துள்ளும், ஈர மண்ணில் வழுக்கும். டியூப் உள்ள டயரில், 70 கிலோ எடையுள்ளவர் 30 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். பின்டயருக்கு இரண்டு மூன்று கூட்டுங்கள். எடை அதிகமென்றால் இன்னும் கொஞ்சம். மிகவும் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள்.

காற்றடிக்கும் வகை ஷாக் என்றால் அதன் வழவழப்பான குழாயில் ஒரு நூலைக் கட்டி, ஓட்டும் நிலையில் மெதுவாக ஏறி நின்று இறங்குங்கள். மொத்த அசைவு 100 மில்லிமீட்டர் என்றால் நூல் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை நகர்ந்திருக்க வேண்டும்.

பிறகு பயிற்சி. சமவெளிக்காரர்களுக்குக் கண்மாய்க்கரையும் வாய்க்கால் மேடும் நல்ல பள்ளிக்கூடம். இறக்கத்தில் சீட்டைவிட்டு எழுந்து, இரு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்கப் பழகுங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபடி மாற்றினால் செயின் அறுந்துவிடலாம். சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதையும் வீட்டு வாசலிலேயே பழகிவிடுங்கள்.

அனுமதி

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள் நுழைய உரிமையாளர் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. கடிதம் கையில் இருக்கிறதா என்று நடத்துபவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இல்லையென்றால் போகாதீர்கள்.

பையில்

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில், ஆடாமல் உட்கார வேண்டும். கையுறை, கண்ணாடி, டியூப், டயர் நெம்பி, கைப் பம்பு, ஆலன் கீ, செயின் இணைப்பு. மணிக்கு அரை லிட்டர் கணக்கில் தண்ணீர். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு. கடலைமிட்டாயும் வாழைப்பழமும் மேல்பக்கத்தில் இருக்கட்டும். மழைக்காலமானால் அட்டைக்கு ஒரு சிறு பொட்டலம் உப்பு. ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில்.

பாதையில்

முன்னால் வழி தெரிந்தவர் போக வேண்டும். கடைசியில் ரிப்பேர் தெரிந்தவர், முதலுதவிப் பெட்டியோடு வர வேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னவர் நின்று வழி காட்டினால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். கிளம்பும்போதும், நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தலைகளை எண்ணுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் ஒரு அநியாயம் செய்கின்றன. வேகமாக வந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள், கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "கிளம்பலாமா?" என்று எழுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காது. அந்தக் களைப்பு விபத்தில் கொண்டுபோய் விடலாம். அவர் வந்து, தண்ணீர் குடித்து, "போகலாங்க" என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

இறக்கத்தில் முன் வண்டிக்கு நிறைய இடைவெளி விடுங்கள். நிற்பதென்றால் பாதையைவிட்டு ஓரம் வந்து நில்லுங்கள். "கல்லு!", "ஆளு!" என்று முன்னவர் கத்துவதைப் பின்னவர் அப்படியே கடத்த வேண்டும். இலைச்சுமையோடு தோட்டத் தொழிலாளர்கள் எதிரே வந்தால் இறங்கி வழிவிடுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம். காட்டுமாடு நின்றால் மணி அடிக்காமல், விசில் ஊதாமல், அது போகும்வரை தொலைவில் காத்திருங்கள். யானைச் சாணம் புதிதாகக் கிடந்தால் திரும்பிவிடுங்கள்.

திரும்பிய பின்

சேற்றைச் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். செயினைத் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். மறுநாள் காலை டயரை அழுத்திப் பாருங்கள். இறங்கியிருந்தால் டயரைக் கழற்றி, உட்புறம் முழுக்கப் பஞ்சையோ பழந்துணியையோ ஓட்டுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும்.