டியூபையும் எடுத்துப் போ

சித்தூர் பக்கம் மாந்தோப்புகள் அதிகம். அக்காவும் தங்கையும் ஒரு தோப்பில் கூலி வேலை செய்கிறார்கள். தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். அவளுடைய இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருக்கிறது.

"அக்கா, நாளைக்குத் திருப்பதி போறேன். முகத்தில் மருந்து தடவித் தோலை உரிப்பாங்களாம். மங்கு போயிடுமாம்."

"யார் செய்வாங்க?"

"தோல் டாக்டர்தான்."

"சரி. இப்போ முகத்துக்கு என்ன போடுறே?"

தங்கை தலையைக் குனிந்தாள். பெட்டியில் இருந்து ஒரு டியூபை எடுத்தாள். ஆறு மாதமாக இரவில் அதைத் தடவுகிறாள். தோழி சொல்லி மருந்துக் கடையில் வாங்கியது. முதலில் முகம் வெளுத்தது. இப்போது வெயில் பட்டால் எரிகிறது. ஒரு நாள் தடவாவிட்டால் முகம் சிவக்கிறது.

"இதை டாக்டர்கிட்டே சொல்ல மாட்டேன். திட்டுவார்" என்றாள்.

அக்கா டியூபைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தது.

"இது அழகு கிரீம் இல்லே, மருந்து. சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாது. இதையும் எடுத்துக்கோ. நானும் வரேன்."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். டாக்டர் டியூபைப் பார்த்தார். திட்டவில்லை.

"நல்ல வேளை, கொண்டு வந்தீங்க. இதில் ஸ்டீராய்டு இருக்கு. தினமும் தடவினால் தோல் மெலிந்துபோகும். அந்தத் தோலில் அமிலம் தடவினால் புண்ணாகும். நம் நிறத்துத் தோலில் புண் ஆறின இடம் இன்னும் கறுக்கும். முதலில் தோல் தேறட்டும்மா" என்றார்.

டியூபைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எப்படிக் குறைப்பது என்று எழுதிக் கொடுத்தார். வெயிலில் போகும்போது முகத்தை மூடச் சொன்னார்.

கல்யாணத்தன்று மங்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் முகம் எரியவில்லை. தங்கை சிரித்தபடி மணையில் உட்கார்ந்தாள்.

தெரிந்துகொள்வோம்

மங்கு ஒட்டும் நோய் அல்ல. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவற்றால் வரலாம்.

பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், குளோபெட்டாசால் ஆகியவை ஸ்டீராய்டு மருந்துகள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று விதித்தது.

சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கும். 2023-இல் கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில், அப்படிப்பட்ட கிரீம் தடவிய சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத கிரீமை வாங்காதீர்கள்.

சிகிச்சைக்குப் போகும் முன்

1. செய்பவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேளுங்கள். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு.

2. முகத்தில் பூசும் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும் சொல்லுங்கள்.

3. கர்ப்பம், பால் கொடுப்பது, சாப்பிடும் மாத்திரை, அலர்ஜி, உதட்டில் அடிக்கடி வரும் கொப்புளம் ஆகியவற்றை மறைக்காதீர்கள்.

4. பிளீச், வேக்சிங் இரண்டையும் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள்.

5. எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று முதலிலேயே கேளுங்கள்.

6. கல்யாணம், திருவிழா நெருங்கும்போது செய்யாதீர்கள். தோல் உரிந்து ஆறச் சில நாட்கள் ஆகும்.

பேசுவோம்

தங்கை டியூபை மறைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

உங்கள் வீட்டில் உள்ள களிம்பு டியூப்களை எடுத்துப் பாருங்கள். எதில் சிவப்புக் கோடு இருக்கிறது? அதை யார் வாங்கினார்கள்? யார் சொல்லி வாங்கினார்கள்?